எமிலியானுஸ் கட்டிய அமெரிக்க மாட்டுக்கொட்டில்

அமெரிக்கக் குடியேற்றக் காலத்து வீடுகளை ஆராய்வோர் மொன்றியலில் பலர் இருக்கலாம். அங்கே சென்ட் லோரன்ட் பகுதிக் களஞ்சியமொன்றில் மருந்துப்பெட்டி அடுக்கிக்கொண்டே ஆராய்பவர் எமிலியானுஸ் ஒருவர்தான். கலியாணமொன்றுக்குப் பொஸ்டன் போனபோது, மற்றவர்கள் கடைக்குப் போக, இவர் முந்நூறு வருடப் பழைய மரவீடொன்றைப் பார்க்கப் போனார். போனவர் வேறு, வந்தவர் வேறு. அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் புகைபோக்கியைத்தான் சுகம் விசாரிப்பார்.

இப்படிப்பட்டவர் கெஞ்சிக் கூத்தாடி, இந்த நத்தாருக்குக் கோயிலில் பாலன் குடில் கட்டும் பொறுப்பைப் பெற்றார். வழக்கமாகக் கட்டுபவர் மரியதாசன். வைக்கோல், கடதாசி மலை, முடிந்தது வேலை. எமிலியானுஸ் கட்டியதோ பலகைச் சுவர், பின்பக்கம் நிலம்வரை சரியும் கூரை, நட்டநடுவில் செங்கல் புகைபோக்கி. புகைபோக்கி வீட்டை இரண்டாக்கியதால் இராசாக்கள் ஒரு அறையிலும் இடையர்கள் மறு அறையிலும் பிரிந்து நின்றார்கள். ஒட்டகம் வாசலுக்குள் நுழையாததால் வெளியே விடப்பட்டது.

"முன்சுவரையாவது கழட்டுங்கோவன்" என்றார் மனைவி றோசலின்.

"அந்தக் காலத்து வீட்டுக்கு முன்சுவர் இருந்தது."

மரியதாசன் வந்து சுற்றிப் பார்த்தார். "பாலன் எங்கயடா?"

"உள்ளுக்கு, அடுப்படியில. குளிருக்குப் பிள்ளையை அங்கதான் கிடத்திறது, அண்ணை."

"இப்பிடியொரு வீடு கிடைச்சிருந்தா சூசையப்பர் ஏனடா அலைஞ்சவர்? உதைக் கழட்டு. நான் என்ர கொட்டிலைக் கொண்டுவாறன்."

"பங்குச் சுவாமி வந்து சொல்லட்டும். அவர் சொன்னாக் கழட்டுறன்."

சுவாமி வருவதற்குள் மரியதாசனுக்கு ஒரு சந்தேகம்: பாலன் உண்மையிலேயே உள்ளே இருக்கிறாரா? ஜன்னல் உள்ளங்கையளவு, அதுவும் தொடை உயரத்தில். முழந்தாளிட்டு அதில் ஒரு கண்ணை வைத்தார். பாலன் இருந்தார். எழும்பத்தான் முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது.

"யேசுவே... மாதாவே..." என்று அவர் முனகிய நேரம் பார்த்துப் பங்குச் சுவாமி ஜெராட் உள்ளே வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"மரியதாசன், இத்தனை வருசத்தில நீங்கள் குடிலுக்கு முன்னால முழந்தாளில நிண்டதை நான் காணேல்லை." சுவாமியும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இது இப்பிடியே இருக்கட்டும், என்ன?"

முழங்காலா, பக்தியா? மரியதாசன் கணநேரம் யோசித்தார்.

"ஓம் சுவாமி."

சுவாமி போனதும் எமிலியானுஸ் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்.

"வாற வருசமாவது உந்த ஜன்னலை உசத்தி வையடா."

"சரித்திரம் விடாது, அண்ணை."