அழுத்தம் இறங்கும்வரை

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளைக் குக்கரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தள அறையில் இருந்த தடித்த எஃகுக் கலத்தை ஓட்டுவது அவள் வேலை. அதற்குள் தண்ணீரை இறுக்கி மூடிச் சூடேற்றினால், கொதிக்கவும் வழியில்லாமல் உள்ளேயே திணறிக்கொண்டு கிடக்கும். ஆழ்கடலின் அடியிலும் வெந்நீர் அப்படித்தான் கிடக்கிறதாம். பட்டப்பெயரை அவள் பொருட்படுத்தியதில்லை. "இது விசில் வரக்கூடாத குக்கர்" என்று சிரிப்பாள்.

அந்த வருடம் கலத்தைக் கேட்டு வந்தவன் அவளுடைய கொழுந்தன். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், இப்போது ஆய்வாளன். சாப்பாட்டு மேசையிலேயே அவளுக்கு விளக்கியிருந்தான். பூமியில் உயிரே இல்லாத காலத்தில், கடலடிப் பாறை வெடிப்புகளிலிருந்து ஹைட்ரஜன் கலந்த வெந்நீர் கசிந்திருக்கும். கடல்நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். பாறையிலுள்ள இரும்புத் தாதுக்கள் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால், உயிருக்கு வேண்டிய முதல் சரக்கு அங்கேயே உருவாகியிருக்கலாம். அதைத்தான் கலத்துக்குள் நடத்திப் பார்க்க வந்திருந்தான்.

"தாது தரகர் வேலை பாக்குது."

"அதேதான் அண்ணி. சேர்த்து வெச்சுட்டு ஒதுங்கிக்கும்."

பம்பு ஒரு பக்கம் தண்ணீரை உள்ளே தள்ள, மறுபக்கம் சொட்டுச் சொட்டாக வெளியேற, பல வாரங்கள் கலம் சொன்னபடி கேட்டது. ஒரு மதியம் அறையின் சன்னல் கண்ணாடி வழியே அழுத்தமானியைப் பார்த்தாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வெளியேறும் மெல்லிய குழாயில் தாது உறைந்து அடைத்துவிட்டிருந்தது. வெளியிலிருந்தே பம்பை நிறுத்தினாள், சூட்டை நிறுத்தினாள், அறையைப் பூட்டினாள். ஆனால் அவ்வளவு கனமான எஃகு சட்டென்று ஆறிவிடுமா? அழுத்தம் மீறினால் கிழிந்து ஆவியை வெளியே விட ஒரு தகடு இருந்தது. அது கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

கொழுந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணி, சாவியக் குடுங்க. குழாயத் தட்டிவிட்டா அடைப்பு விட்டுரும்."

"சூடு இறங்கற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது."

"தகடு கிழிஞ்சா அத்தனையும் நாசம்."

"கிழியட்டும்."

"உங்களுக்கென்ன, திரும்பவும் தண்ணி ஊத்துவீங்க. எனக்கு அடுத்த மாசம் இந்த ரூமே கிடையாது."

சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவன் கை அவள் தோளில் விழுந்தது.

"தள்ளு" என்றான்.

அதுவரை அவளை அவன் ஒருமையில் பேசியதேயில்லை. அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"தள்ளிட்டுப் போ. உங்க அண்ணன்கிட்ட நான் என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

கை இறங்கியது. இருவரும் கண்ணாடி வழியே முள்ளைப் பார்த்தார்கள். முள் கோட்டிலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு மயிரிழை பின்வாங்கியது, இன்னும் கொஞ்சம் பின்வாங்கியது. தகடு கிழியவில்லை. உள்ளே போயிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. அது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பின் அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. "ஏன், சண்டையா?" என்று கணவன் கேட்டதற்கு, "வேலை ஜாஸ்தி" என்று மழுப்பினாள்.

ஒருநாள் வந்து மேசையில் உட்கார்ந்தான், தட்டைப் பார்த்தபடி.

"கலத்துத் தண்ணில ஃபார்மிக் அமிலம் வந்திருக்கு அண்ணி. எறும்பு கடிச்சா எரியுமே, அது. கொஞ்சூண்டுதான்."

"உயிரா அது?"

"உயிருக்குக் கிட்டக்கூட இல்ல. ஆனா வழி அந்தப் பக்கமா இருக்கலாம். ஹைட்ரஜன் இல்லாம ஒரு தடவ ஓட்டணும். அதுல வரலைன்னாதான் இத நம்ப முடியும்." சோற்றை ஓரமாக ஒதுக்கினான். "அன்னிக்கு நான் பேசினது..."

"சாப்பாடு ஆறுது" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. குழம்பை மட்டும் கூடுதலாக ஊற்றினாள்.

கெஞ்சிக் கூத்தாடி அறைக்கு இன்னும் சில வாரம் வாங்கினான். குழாயை அகலமானதாக மாற்றினால்தான் கலத்தைத் தொடுவேன் என்றாள் அவள், மறுபேச்சில்லாமல் மாற்றினான். ஹைட்ரஜன் இல்லாத அந்த ஓட்டத்தில் அமிலம் வரவில்லை. அந்த நல்ல செய்தியை அவன் முதலில் சொன்னது அண்ணனிடம்தான். அண்ணன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.