டெஸ்டர் வீட்டுத் தாய்ப்பால்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வாளையாரை அடுத்த எங்கள் கிராமத்துப் பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கும் டெஸ்டராக இருந்தேன். பால் கொண்டு வருகிறவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கருவியைப் பாலில் விடும் முன்பே, இது தண்ணீர்ப் பால் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் முதல் குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம். பெண். பால் குடிப்பாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வீறிடுவாள். மலம் பச்சையாக, நுரை நுரையாகப் போகும். உடம்பும் தேறவில்லை. மனைவிக்கோ ரவிக்கை நனைகிற அளவுக்குப் பால் சுரந்தது. பிறகு ஏன் இந்தப் பசி? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு பக்கமே கொடுத்தால் மறுபக்கம் வற்றிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். பக்கத்துக்கு ஐந்து நிமிடம். அறைக்கு வெளியே கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, "மாத்து புள்ள" என்று குரல் கொடுப்பேன். நான் சொசைட்டிக்குப் போயிருக்கும்போது அவளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வாள். குழந்தை விடமாட்டேன் என்று அழுதாலும் கணக்கு கணக்குதான்.

அப்படியும் அழுகை நிற்காததால் என் புத்தி தொழிலுக்குப் போனது. குழந்தைக்குக் கொடுக்கும் முன் கொஞ்சம் பாலைச் சங்கில் பீய்ச்சித் தரச் சொன்னேன். வாங்கிப் பார்த்தேன். நீலம் பாய்ந்து, அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. நகத்தில் ஒரு சொட்டு விட்டேன். கெட்டிப் பால் என்றால் நிற்கும், இது ஓடியது.

"இதுல ஒண்ணுமே இல்ல புள்ள, வெறுந் தண்ணி" என்றேன். அவள் சங்கைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே டின் பால்மாவு வாங்கி வந்தேன். நாலாம் நாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மறுநாள் கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தூக்கிக்கொண்டு பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். "டின்னுப்பால் இனி வேண்டா, அம்மேடெ பால் மதி" என்றார் மலையாளத்து நர்ஸ். தாய்ப்பாலே போதுமாம். அந்தத் தண்ணீரா போதும்? என் குழப்பம் இன்னும் கூடியது. கேட்பதற்குள் அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பெண்கள் வார்டு என்பதால் மாலை நேரத்தில் மட்டும்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை போனபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி கையில் சங்கு இருந்தது. அதில் கெட்டியாக, இளமஞ்சளாகப் பால். வாங்கி நகத்தில் விட்டேன். நின்றது.

"பசும்பால் ஆரு குடுத்தா?" என்று அதட்டினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ற பாலுதானுங்க. பாப்பா குடிச்சுட்டுத் தானா விட்டப்பறம் மிச்சத்தைப் பீய்ச்சி, அப்பறமாச் சங்குல குடுக்க வெக்கச் சொன்னாங்க நர்ஸம்மா."

ஒரே தாய், ஒரே சாப்பாடு, இரண்டு விதமான பாலா? நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து அவளே சொன்னாள். "ஏனுங்க, கடைசிப் பாலுலதான் கொழுப்புன்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதானுங்களே? நம்ம பாப்பாவுக்கு அது வாரப்பவெல்லாம் மாத்து மாத்துன்னீங்க. எனக்கும் இங்க வந்துதானுங்க வெளங்குச்சு."

எனக்குக் காது சுட்டது. மாட்டை ஒட்டக் கறந்தால்தான் கொழுப்பு இறங்கும், கடைசிப் பாலைக் கன்று குடித்துவிட்டால் சொசைட்டிக்கு வருவது நீர்த்த பால்தான். இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், கொழுப்பு இறங்குகிற நேரத்தில் என் குழந்தையைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்ற வைத்திருக்கிறேன். போதாததற்கு முதல் பாலை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு தாயிடம் உன்னிடம் ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

குழந்தை தேறிவிட்டாள். இன்று அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் மனைவி இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அன்று வார்டுக்குள் நுழைந்த நான், பிழைத்துக் கிடந்த குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் பாலைச் சோதித்துப் பார்த்தேனே, அதை நினைத்தால் இந்த வயதிலும் உடம்பு கூசுகிறது.