குப்பிக்குள் ஒட்டிய படம்

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்த சித்தப்பா, வானத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. எங்க வாங்குன இந்தப் படத்தை?"

"படம் இல்லீங்க சித்தப்பா. நெசமான சனி."

"வளையத்தை மாட்டிக்கிட்டு அச்சடிச்சாப்பல இருக்குது. எங்கிட்டயேவா கண்ணு?"

சித்தப்பாவின் சின்ன வயதில் ஆடித் திருவிழாவுக்கு வந்த ஒருவன், ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் டில்லி தெரிகிறது என்று சொல்லி அவருக்கு அட்டைப் படத்தைக் காட்டியிருக்கிறான். டில்லியையே பார்த்துவிட்டதாக நம்பி அவர் ஊரெல்லாம் சொன்னதை அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார். அதிலிருந்து ஓட்டை வழியாக எதைக் காட்டினாலும் சித்தப்பாவுக்கு ஆகாது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் மகள், என் தங்கை, பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அடிவாரத்து விடுதியில் தங்கி அறிவியல் பிரிவு படிக்க ஆசைப்பட்டாள். மிளகுத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது சித்தப்பாவின் எண்ணம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படிப்பு ஒருத்தியை என்ன செய்யும் என்பதற்கு அவர் கண்ணெதிரே இருந்த ஒரே சாட்சியும் நான்தான். நான் ஏமாற்றுக்காரி என்று முடிவாகிவிட்டால் அவள் படிப்பும் அதோடு சரி.

கண் வைக்கும் இடத்தில் மாட்டும், சின்னக் குப்பி போன்ற கண்வில்லைகள் என்னிடம் இரண்டு இருந்தன. தொலைநோக்கியோடு வந்தது இருபத்தைந்து மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் நானாகத் தேர்ந்தெடுத்தது. எண் குறையக் குறைய உருவம் பெரிதாகும். அறுநூறு மடங்கு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்றவர்களை முதலிலேயே ஒதுக்கினேன். என் தொலைநோக்கியின் ஆறங்குலக் கண்ணாடிக்கு அதில் பாதியே அதிகம். இருநூறு மடங்கு போதும் என்று நானே கணக்குப் போட்டு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதனால்தான் அன்றைக்குச் சிறிய சனியைக் காட்டியதோடு விடாமல், வில்லையை மாற்றிப் பெரிய சனியையும் காட்டினேன்.

அதுவே வினையாயிற்று.

"அந்தக் குப்பியை மாத்துன, படமும் மாறிப்போச்சு. அப்ப படம் குப்பியிலதான ஒட்டியிருக்குது?"



மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே வந்தார். எதிர்ச்சரிவில் இருக்கும் தன் பலாமரத்தைக் காட்டச் சொன்னார். குனிந்தவர் உடனே நிமிர்ந்தார்.

"மரத்தைத் தலைகீழாத் தொங்கவுட்டிருக்கற!"

"உள்ள கண்ணாடி இருக்குதுங்க. அதுல அப்படித்தான் திரும்பித் தெரியும்."

"கண்ணாடி வேற இருக்குதா? சரியாப்போச்சு."

ஆறு மில்லிமீட்டர் வில்லையைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வருமா, வந்தாலும் கீறல் இல்லாமல் வருமா என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நான் அப்படிப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். குப்பியில ஒண்ணுமில்ல. அப்ப உன் கையிலதான் ஏதோ இருக்குது. பொழுது போனதும் என் புள்ளை காட்டட்டும். நீ கிட்ட வரக்கூடாது."

அன்று மாலை மூடுபனி இறங்கவில்லை. மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்படி எனக்கு உத்தரவு. தங்கை இரண்டு வில்லைகளையும் எடுத்துப் பார்த்தாள். ஆறை எடு என்று மனதுக்குள் கத்தினேன். அவள் இருபத்தைந்தை மாட்டினாள்.

"அது சின்னதாத்தான் காட்டும்" என்றேன், பொறுக்காமல்.

"பேச்சுக் குடுக்காத!" என்றார் சித்தப்பா.

தங்கை திரும்பவில்லை. "ஆறுல துளியூண்டு வானந்தான் தெரியுது அக்கா. அதுல நான் தேடிப் புடிக்கறதுக்குள்ள அப்பா ஊட்டுக்குப் போயிருவாரு."

அவள் சொன்னது சரி. கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டாள். சித்தப்பா குனிந்தார். இந்த முறை நிமிரவே இல்லை.

"ஓரத்துக்குப் போகுது... ஏ புள்ள, ஓடுது! ஓடியே போச்சு!"

"பூமி சுத்துதுல்லப்பா. நாமதான் நகர்றோம்." அவள் குழாயைத் தொடப் போனாள்.

"நீ தொடாத. நான் பார்த்துக்கறேன்."

குழாயைத் தானே மெல்லத் தள்ளினார். அதிகமாகத் தள்ளிவிட்டுத் திட்டினார். மறுபடி தேடிப் பிடித்தார். நான் கட்டிய கையோடு நின்றேன். "ஒட்டுன படம் ஓடாது" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்து எதைக் கிளப்பப் போகிறாரோ என்றே காத்திருந்தேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அந்த ஆஸ்டல்ல, பொழுது போனப்புறம் புள்ளைங்களை வெளிய நிக்க உடுவாங்களா?"

"மொட்டை மாடி இருக்குதுங்க சித்தப்பா."

"மாடிக்குச் சுவர் இருக்குதா?"

"இருக்கும்னு நினைக்கறேன்."

"நினைச்சா ஆச்சா? திங்கக்கிழமை பஸ்ஸுக்குப் போய் நேர்ல பார்த்துரலாம். நீயும் கூட வா சாமி. அங்க இருக்கறவன் எதையாவது சொல்லி என்னை ஏமாத்தப் பார்ப்பான்."