அத்தை வாக்கியத்தை முடித்த நாள்

எல்லைப் போராட்டத்தின் சூடு தணியாத ஐம்பத்தைந்தாம் ஆண்டு. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. மாதத்தில் ஐயமில்லை, பள்ளி திறப்புக்கென்று எனக்குப் புதுக் குடை வாங்கியிருந்தார்கள். பாறசாலையில் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, புதுச்சேரிப் பள்ளியொன்றின் ஆசிரியை வேலைக்கு நேர்முகம் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தாள். திருவனந்தபுரத்தில் பிரெஞ்சு படித்துப் பரிசு வாங்கியவள். ஆனால் கேள்வி கேட்ட பிரெஞ்சுக்கார அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்திலும் பாதியில் புகுந்தாள். பிழை செய்துவிட்டோம் என்று எண்ணி அத்தை ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டாள். அவர்கள் பேச்சில் குறுக்கே புகுவது அக்கறையின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்ததாம். இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் யாரும் யாரையும் பேசி முடிக்க விட்டதில்லை. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பார் தாய்மாமா. கூடாது என்பார் அப்பா. குறுக்கே வருபவருக்கு உள்ளங்கையைக் காட்டி, குரலைச் சற்று உயர்த்தி, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வது மாமாவின் முறை. அத்தை அதைக் கவனித்தாள். பிறகு பயிற்சிக்கு என்னைப் பிடித்தாள். அம்மியில் அரைத்தபடி அவள் பிரெஞ்சு பேசுவாள்; நான் தோன்றிய இடத்தில் புகுந்து தமிழிலோ மலையாளத்திலோ எதையாவது கேட்க வேண்டும். முதலில், இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டாலே வாயடைத்துப் போனாள். மழை ஓய்வதற்குள், நான் கத்தினாலும் நிற்கவில்லை.

ஆவணியில், எங்கள் சிங்க மாதத்தில், மறுபடி போனாள். வேலையோடு வந்தாள். கடைசியில் அந்த அம்மாள்தான் பேச இடம் கேட்டுக் கை தூக்கினாளாம்.

அன்று சாப்பாட்டில் மாமாவும் இருந்தார். அத்தை பயண விவரத்தைத் தொடங்கியதும் அப்பா புகுந்தார்.

"பெண்பிள்ள ஒற்றைக்கு அவ்வளவு தூரம் போறதாக்கும்? அது நடக்காது."

அத்தையின் உள்ளங்கை உயர்ந்தது.

"நான் சொல்லித் தீரல்ல, அண்ணா."

விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தாள். தங்க இடம் உண்டு, பள்ளிக்கு அடுத்தே சபை உண்டு, கிறிஸ்துமஸுக்கு வாறேன். அப்பா மறுபடியும் வாயைத் திறந்தார். அவள் குரல் சற்று உயர்ந்தது. அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"மச்சான், உம்ம எல்லை போயாச்சு," என்றார் மாமா.

பயிற்சி இன்னும் முடியவில்லை போலும் என்று நான் நினைத்தேன். என் வேலையில் குறை வைக்கக் கூடாதென்று, நடுவில் புகுந்து, புதுச்சேரியில் கடல் உண்டா என்று உரக்கக் கேட்டேன். அத்தை என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினாள். பேச்சு நிற்கவில்லை.