சிதம்பரத்துக்குப் போன ரோலர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் எங்கள் அச்சகம் இருந்தது. பழைய ஆஃப்செட் மிஷின் ஒன்று. அதை என் கணவர் ஓட்டுவார். தாள் வெட்டுவதும் மடிப்பதும் என் வேலை.

2007இல் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும் முதல் விசேஷம். “பொண்ணு மாப்ள பேரு பளிச்சுனு விழணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடிக்கத் தொடங்கியதும் தாளின் குறுக்கே எழுத்துகள் பட்டையாக வெளுத்தன. சரியாக மாப்பிள்ளை பெயர் மேலேயே ஒரு பட்டை. கணவர் மிஷினை நிறுத்தி, பிளேட்டில் மை தடவும் ரப்பர் ரோலரை அசைத்துப் பார்த்தார். ஒரு முனை லொடலொடவென்று ஆடியது. பேரிங் உட்காரும் இடத்தில் இரும்புத் தண்டு தேய்ந்திருந்தது. புது பேரிங் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

“புது ரோலருக்கு மெட்ராஸுக்குத்தான் சொல்லணும். எப்ப வருமோ” என்றார்.

“எந்தம்பிகிட்ட எடுத்துட்டுப் போவோங்க.”

தம்பி சிதம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். பம்புசெட், டிராக்டர் சாமான்கள் கடைவான். அச்சு ரோலரை அவன் தொட்டதே இல்லை.

ரப்பரில் கீறல் விழுந்தால் ரோலரே வீண். மை போகத் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் கிடத்திக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“மூஞ்சிய மூடாதம்மா, புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சேலையை விலக்கிக் காட்டினேன். ஆலப்பாக்கம் தாண்டியும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தம்பி ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வெல்டிங் வெச்சா சூட்டுல ரப்பர் போயிடும் மாமா. தேஞ்ச முனையக் கடைஞ்சு சின்னதாக்கி, மேல புஷ்னு ஒரு இரும்பு வளையம் எறக்கி, அத பேரிங் அளவுக்குக் கடைஞ்சு தரேன். கோணிடுச்சுன்னா என்னத் திட்டக் கூடாது.”

“கோணிச்சுன்னா நீயே வீடு வீடாப் போயி கல்யாணத்தச் சொல்லிட்டு வா” என்றார் கணவர்.

நாங்கள் நின்று பார்த்தால் கை ஓடாது என்று எங்களைத் துரத்திவிட்டான். இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். தெற்கு வீதியில் சும்மா நடந்தோம். மை வாசனை இல்லாமல் இருவரும் சேர்ந்து நடந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. கவலை இருந்தது, ஆனால் பசி நன்றாக எடுத்தது.

வேலை முடிந்த ரோலரை வாங்கிக்கொண்டு கடலூர் திரும்பி, மாட்டி ஓட்டினால், மறுபடி மெலிதாக ஒரு பட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இரு, இரு” என்று கணவர் ரோலரைப் பிளேட்டில் ஒருமுறை தொட வைத்துத் தூக்கினார். பதிந்த மைக்கோடு ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெல்லிசு. “தம்பி வேல சுத்தம். நாந்தான் சரியா மாட்டல.” ரோலரைப் பிடித்திருக்கும் திருகுகளைத் திருகித் திருகி இரு பக்கமும் கோட்டைச் சமமாக்கினார். அடுத்த தாள் பளிச்சென்று வந்தது. ஓடிப்போய்த் தம்பிக்குப் போன் போட்டேன்.

பெண்ணின் அப்பா பத்திரிகையை வாங்கி, அங்கேயே நின்று சத்தமாக முழுதும் படித்தார். மறுநாள் பெரிய வஞ்சிரம் ஒன்று வீட்டுக்கு வந்தது.

பிறகு தேய்ந்த மற்ற ரோலர்களையும் ஒவ்வொன்றாகச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். அதற்கு ஒரு ஆள் போதும். ஒவ்வொரு முறையும் இருவருமே போனோம்.