மூன்று தரம் தீட்டிய அரிசி

ரைஸ்மில்லில் அரவை பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் வேடசந்தூர் ரோட்டு மில் ஒன்றில் எனக்கு அந்த வேலை. காதில் ஓடியதைப் பொறுத்துக்கொண்டேன். மற்றவர்கள் காலில் ஓடியதுதான் பயமுறுத்தியது.

வாத்தியாரின் எறும்பு

சூசை வாத்தியாருக்கு அரிசி வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும். பச்சரிசியை ஒரு தரம் தீட்டிக் கொடுத்தால் நிறம் மங்கல் என்று மறுபடி போடச் சொல்வார். மூன்றாம் தரத்தில்தான் முகம் மலரும்.

காத்திருக்கும் நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். எறும்பு போலிருக்கிறது என்று நானும் குனிந்து தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"தேடாதேப்பா. அது தோலுக்கு உள்ள ஊருது."

களத்தில் நின்றவர்

சித்திரை மாத உச்சி வெயில். நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் நாய்கூடக் கால் வைக்காது. ரெட்டியார்சத்திரத்துப் பண்ணைவீட்டு அம்மாள் செருப்பில்லாமல் நட்டநடுவே நின்றிருந்தார். அவர் வீட்டு மூட்டையும் மூன்று தரம்தான். அன்று அதை நான் யோசிக்கவில்லை. "கால் வெந்துரும், நிழலுக்கு வாங்கம்மா" என்று கத்தினேன். யாருடைய பாதமோ என்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"சுடுதா? தரை இருக்கான்னே தெரியலையேப்பா."

என் வீட்டில்

மில்காரன் வீட்டில் மங்கல் அரிசியா என்று எனக்கு ஒரு ரோஷம். நானே மூன்று தரம் தீட்டிக் கொண்டுபோவேன். என் மனைவி பாக்கியம் அதையும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டுவாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாது என்று பயறு, கீரை எல்லாம் நிறுத்தியிருந்தோம். சோறும் ரசமும்தான்.

பாதம் எரிகிறது என்று பட்டப்பகலில் வாளித் தண்ணீரில் காலை விட்டு அழுவாள். தண்ணீரில் விடாதபோது தொட்டாலும் பாதம் ஜில்லென்றுதான் இருக்கும். வேப்பிலை அடித்தோம், தாயத்துக் கட்டினோம். ஒரு நாள் இடுப்பில் கைக்குழந்தையோடு எழுந்தவள், கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாமல் எரிகிற அடுப்பின் மேல் சாய்ந்தாள். எட்டிப் பிடித்தேன். அவள் பிள்ளையை என் கையில் திணித்தாள்.

"இனிமே நீங்களே தூக்குங்க. என் காலை நான் நம்ப மாட்டேன்."

டாக்டர் கேட்டது

திண்டுக்கல் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என் வேலையைக் கேட்டார். அப்புறம் அரிசியைக் கேட்டார். அரிசியின் சத்து தவிட்டோடு போய்விட்டது, அது இல்லாமல் நரம்பு பட்டினி கிடக்கிறது என்றார். ஊசி எழுதினார், கைக்குத்தல் அரிசி, கம்பு, பயறு, கீரை என்று சாப்பாட்டையும் எழுதினார். நான் நம்பாமல் நின்றேன். தவிடு எங்கே போகிறது என்று கேட்டார். மாட்டுக்கு என்றேன்.

"மாட்டுக்குக் கால் எரியுதாப்பா?"

பாக்கியம் பிள்ளையை மறுபடி இடுப்பில் தூக்க மாதக்கணக்கானது, அப்போதும் கால்விரல் நுனியில் மரப்பு மிச்சமிருந்தது. வாத்தியார் மில்லுக்கு வந்ததும் ஓடிப்போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சிரித்துவிட்டு மூட்டையை அவிழ்த்தார்.

"செத்த நேரம் ஆனாலும் பரவாயில்ல, மூணாந்தரமும் போட்டுரு."

டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து என் வீட்டில் தவிடு போகாத அரிசிதான், மில்லில் மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் மூன்று தரம் தீட்டிக் கொடுத்துவிட்டு அவர்கள் நடந்துபோவதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன்.