அக்கா உட்காராத பெஞ்சு

சட்டைக் கம்பெனியில் என் அக்காவுக்குக் கழுகுக்கண் என்று பெயர். மடிப்புக்குள் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் பார்வைக்குத் தப்பாது. பதினேழு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். ஆமாம், நிற்கிறாள். அங்கே வேலை பார்க்கும் இருபத்தாறு பெண்களுக்கும் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடுமாம். மேனேஜர் இதைச் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். நான் பட்டன் மெஷின்காரி. மெஷினோடு எனக்கு ஸ்டூல் உண்டு. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. ஒரு நாள் காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மேனேஜர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு தடவை உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்றார். அத்தானும் வேலையில்லாமல் இருந்த நேரம்.

அந்த மாதம்தான் முதலாளி எங்கள் மாதா கோயிலுக்கு இருபது புதுப் பெஞ்சுகள் கொடுத்தார். ஒவ்வொரு சாய்மானத்திலும் அவர் பெயர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை. மனுஷனுக்காகத்தான் வேலை, வேலைக்காக மனுஷன் இல்லை என்று சாமியார் பிரசங்கம் வைத்தபோதும் கம்பம் மாதிரி நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டாள்.

வெளியே வந்ததும் முதலாளி அன்பாகத்தான் கேட்டார். "ஏம்மா, அவ்வளவு எடம் இருந்துச்சே, உக்காந்திருக்கலாம்ல?"

"ஆறு நாள் நிக்க வச்சிட்டு ஏழாம் நாள் உக்காரச் சொல்றீங்க சார். ரெண்டு எடத்துக்கும் நான் இதே காலைத்தான் கொண்டு வர்றேன்."

அவர் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் ஒரு ஸ்டூல் வந்தது. ஒன்றே ஒன்று, அவளுக்கு மட்டும். வாயை அடைக்கத்தான், வேறெதற்கு? உட்கார்ந்து தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் அறை வாசலில் வைத்தாள்.

"இன்னும் இருபத்தஞ்சு வரணும் சார். வந்ததும் சொல்லுங்க, சேந்து உக்காருறோம்."

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. கழுகுக்கண் இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஸ்டூல்களும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு செக்கிங் மேசைக்காரிகள் அத்தனை பேரும் பூசைக்கு வந்துவிட்டார்கள், கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் உட்பட. அவர்களில் யாரும் உட்காரவில்லை. நான் வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சிலிருந்து முதலாளி திரும்பித் திரும்பிப் பார்த்தார். உனக்குத்தான் ஸ்டூல் இருக்கே, நீ உக்காந்தே இரு என்றாள் பக்கத்தில் நின்றவள்.

நான் எழுந்து நின்றேன், இருபத்தேழாவது ஆளாக.